ஐப்பசி வாளி: டெல்டா வீட்டுக்கு அவசரச் சாமான் கட்டிவைக்கும் முறை

'சர்வைவல் கிட்' என்று தேடிப் பாருங்கள். வருவதெல்லாம் மலையில் வழி தவறியவனுக்கான சாமானாக இருக்கும். திசைகாட்டி, தீப்பொறி உண்டாக்கும் கம்பி, மீன் தூண்டில், குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் வெள்ளித்தாள். திருத்துறைப்பூண்டிக்காரன் எந்த மலையில் போய்த் தொலையப் போகிறான்? இங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல்தான். நமக்கு வரும் கஷ்டம் வேறு ஜாதி. சொந்த வீட்டில், சொந்தத் தெருவில், கரண்ட் இல்லாமல், தண்ணீர் ஏறாமல், சிக்னல் இல்லாமல் பதினைந்து நாள் மாட்டிக்கொள்வது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது நாங்கள் முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தோம். காற்று மணிக்கு 120 கிலோமீட்டர். விடிந்து பார்த்தால் கொல்லையில் நின்ற பதினேழு தென்னையில் மூன்றுதான் மிச்சம். டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. எங்கள் தெருவுக்கு கரண்ட் வர 23 நாள் ஆனது. வீட்டில் டார்ச் இரண்டு இருந்தது, இரண்டிலும் செல் பொங்கிக் கிடந்தது. அன்று உதவிய சாமான் எதுவும் கடையில் 'அவசரகாலப் பொருள்' என்று விற்கிற சாமான் இல்லை. பூஜை அலமாரியிலும் கொல்லையிலும் சைக்கிள் கடையிலும் கிடக்கிறவை. ஆனால் தேடினால் கிடைக்காது, இருட்டில் நிச்சயமாகக் கிடைக்காது. அதனால்தான் இப்போது வருஷா வருஷம் ஐப்பசி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கிறோம். வீட்டில் அதன் பெயர் 'ஐப்பசி வாளி'.

முதல் படி: வாளி

பையோ சூட்கேஸோ வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு வாங்குங்கள். வீடு பூசுகிற இடத்தில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மூடியை அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும், தண்ணீர் உள்ளே போகாது. ரொம்பவும் திணிக்காமல் இருந்தால் வெள்ளத்தில் மிதக்கும். சாமானை வெளியே எடுத்துவிட்டால் துணி அலச, வீட்டுக்குள் வந்த தண்ணீரை இறைக்க, கவிழ்த்துப் போட்டு உட்கார என்று பல வேலைக்கு ஆகும். குடிதண்ணீர் மட்டும் அதில் பிடிக்க வேண்டாம்.

ஒரு வாளி சாமானுக்கு. இன்னொன்று எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். அதை வாங்காமல் விட்டுவிடாதீர்கள், பெண்கள் இருக்கிற வீட்டில் அதுதான் முக்கியமான வாளி.

மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் நம்பர்களை எழுதுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. அதன் கீழே வெளியூரில் இருக்கும் இரண்டு சொந்தக்காரர்கள் நம்பர். போன் செத்துப்போனால் மனைவி நம்பர்கூட நமக்கு மனப்பாடமாகத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் படி: தண்ணீர்

சுற்றிலும் தண்ணீர் நிற்கும், குடிக்க ஒரு சொட்டு இருக்காது. கரண்ட் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடாது, குழாயில் வராது. கிணறும் அடிபம்பும் வெள்ளத்தில் முழுகியிருந்தால் அந்தத் தண்ணீரை நம்ப முடியாது. பத்து கேன் வாங்கி அடுக்குவது நல்லதுதான், ஆனால் அது நாலு நாளைக்கு வரும். ஐந்தாம் நாளுக்கு வாளியில் மூன்று சாமான் வேண்டும்.

ஒன்று, தேத்தாங்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், ஒரு கைப்பிடி போதும். மண்பானையின் உள்பக்கச் சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கொட்டையைச் சந்தனம் அரைப்பதுபோல் தேய்க்க வேண்டும். வெள்ளையாக ஒரு விழுது ஒட்டும். அதன்மேல் கலங்கல் தண்ணீரை ஊற்றிக் கலக்கி மூடி வைத்தால் சில மணி நேரத்தில் வண்டல் அடியில் உட்கார்ந்து மேலே தெளியும். எங்கள் அப்பாயி காலத்தில் ஆற்றுத்தண்ணீர் குடித்த வீடுகளில் எல்லாம் இது இருந்தது. கிடைக்கவில்லையா, சலூனில் வைத்திருக்கும் படிகாரக் கட்டி ஒன்று. தண்ணீரில் நாலைந்து சுற்றுச் சுற்றி எடுத்துவிட வேண்டும்.

இரண்டு, பழைய நூல் புடவை. புதுசு வேண்டாம், துவைத்துத் துவைத்து நைந்ததாக இருக்கட்டும். நைந்த துணியில் இழை பிரிந்து இடைவெளி சிறுத்துப்போவதால் வடிகட்டல் இன்னும் நன்றாக இருக்கும். இது பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள். ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு வங்கதேசத்துக் கிராமங்களில் இதைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டது. புடவையை எட்டு மடிப்பு வரும்படி மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடித்த கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. காலராக் கிருமி தண்ணீரில் உள்ள மிகச் சிறிய மிதவை உயிர்களில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது, அந்த உயிர்கள் துணியில் தங்கிவிடுகின்றன, காரணம் அவ்வளவுதான். 48 சதவீதம் என்றால் பாதிகூட இல்லை, அதனால் வடித்ததும் அப்படியே குடித்துவிடக் கூடாது.

மூன்று, குளோரின் மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக் கடையிலோ கேளுங்கள். எத்தனை லிட்டருக்கு எத்தனை மாத்திரை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள், போட்டபின் அரை மணி நேரம் காத்திருங்கள். கலங்கல் தண்ணீரில் போட்டால் மாத்திரையின் சக்தி முழுக்கச் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. அதனால் முதலில் தெளிய வை, பிறகு வடி, அப்புறம் மாத்திரை. விறகு இருந்தால் மாத்திரைக்குப் பதிலாகக் கொதிக்க வைத்துவிடலாம், அதுதான் இன்னும் நல்லது.

இளநீரை மறந்துவிட்டேனே. புயல் சாய்த்த தென்னையில் குலை குலையாகக் கிடக்கும். முதல் மூன்று நாள் எங்கள் தெருப் பிள்ளைகள் இளநீர் குடித்தே வளர்ந்தார்கள். அதற்கு அரிவாள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் அரிவாள் கொட்டகையில் இருந்தது, கொட்டகை பக்கத்து வீட்டுக் கொல்லையில் இருந்தது.

மூன்றாம் படி: நெருப்பும் வெளிச்சமும்

இந்தப் படிக்குக் கதாநாயகன் கற்பூரம். பூஜைக் கற்பூரம், பாயசத்துக்குப் போடும் பச்சைக் கற்பூரம் அல்ல. புயலுக்கு மறுநாள் அடுப்பு மூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விறகு ஊறியிருக்கும், காகிதம் நமுத்திருக்கும், மண்ணெண்ணெய் இப்போது எந்த வீட்டில் இருக்கிறது? இரண்டு வில்லைக் கற்பூரத்தைச் சிரட்டைச் சில்லுக்கு அடியில் வைத்துக் கொளுத்தினால் ஈரத்தோடு ஈரமாகப் பற்றிக்கொள்ளும். திறந்து வைத்தால் காற்றிலேயே கரைந்து காணாமல் போய்விடும் என்பதால் இறுக்கமான டப்பாவில் வையுங்கள். இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டால் கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரும். டப்பா அவர்கள் கைக்கு எட்டக் கூடாது.

அடுத்தது பழைய சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் சும்மா தருவார்கள். அதைக் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினால் ஐம்பது அறுபது ரப்பர் வளையம் கிடைக்கும். மூட்டை கட்ட, தார்ப்பாயைக் கழியோடு சேர்த்துப் பிடிக்க, டார்ச்சை ஜன்னல் கம்பியில் மாட்ட எல்லாவற்றுக்கும் ஆகும். கற்பூரம் தீர்ந்துபோனால் ஒரு வளையத்தைக் கொளுத்தலாம், கொட்டும் மழையிலும் எரியும். புகை கருகருவென்று வரும், வெளியில் மட்டும்தான்.

எரிக்க, ஒரு உரச்சாக்கு நிறையக் காய்ந்த கொட்டாங்கச்சி. சாக்கின் உள்ளே பிளாஸ்டிக் உறை இருக்குமே, அதைக் கழற்றாமல் வாயை முறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் சேராது. மூன்று செங்கல் வைத்து, பத்துக் கொட்டாங்கச்சி போட்டால் ஒரு வேளைச் சோறு வெந்துவிடும்.

வெளிச்சத்துக்கு டெல்டாக்காரனுக்குக் காலமே கைகொடுக்கிறது. புயல் மாதமும் கார்த்திகை தீபமும் ஒட்டி வரும். கஜா அடித்து ஏழாம் நாள், நவம்பர் 23, தீபம். மெழுகுவத்தி கிடைக்காமலும், கிடைத்த இடத்தில் யானை விலை சொல்லியும் ஊரே அல்லாடியபோது, தீபத்துக்கு வாங்கி வைத்திருந்த அகலும் திரியும்தான் எங்கள் வீட்டில் எரிந்தது. அதனால் அகல் பத்து, திரிக் கட்டு ஒன்று, அரை லிட்டர் எண்ணெய். கீற்றுக் கொட்டகைக்குள் மட்டும் வேண்டாம்.

போன் டார்ச்சைக் கூரையைப் பார்த்து வைத்து, அதன்மேல் தண்ணீர் நிறைத்த ஒரு லிட்டர் பாட்டிலை நிறுத்துங்கள். வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். தண்ணீரில் பால் நாலு சொட்டு விட்டால் ட்யூப்லைட் மாதிரியே இருக்கும். இரவில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் லைட் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இரண்டு கையும் காலியாக இருக்கும். செல்லை டார்ச்சுக்குள் போட்டு வைக்காதீர்கள், தனியாகக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். எங்கள் இரண்டு டார்ச்சும் செத்தது அப்படித்தான்.

போன் சார்ஜுக்கு, காரில் சொருகும் சார்ஜரும் அதற்கான சாக்கெட்டும் வாங்கி, சாக்கெட் வயரின் முனையில் இரண்டு பேட்டரிக் கிளிப் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியன் பத்து நிமிஷத்தில் செய்வார். டிராக்டரோ காரோ தெருவுக்கு ஒன்று இருக்கும், 12 வோல்ட் பேட்டரியில் கிளிப்பை மாட்டினால் போதும். கஜாவுக்குப் பிறகு ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் ஒரு போனுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். அதோடு பழைய பட்டன் போன் ஒன்று. வேறு கம்பெனி சிம் போட்டு வையுங்கள், எந்த டவர் முதலில் எழும் என்று யாருக்குத் தெரியும்?

நான்காம் படி: பத்திரத்துக்கு ஒரு பைப்பு

இது நானே கண்டுபிடித்த பெருமை எனக்கு உண்டு, பிளம்பர் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார். நாலு அங்குல பிவிசி பைப்பு ஒன்றரை அடி. ஒரு பக்கம் மூடியைப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டும். மறுபக்கம் திருகு மூடி, அதன் மரையில் டெஃப்லான் டேப் நாலு சுற்று. காகிதங்களைச் சுருட்டிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஈரம் இழுக்க ஒரு துணி முடிச்சில் வறுத்த அரிசி வைத்து மூடினால் ஆற்றில் எறிந்தாலும் நனையாது, மிதக்கும். ஒட்டின பசை காய்ந்த மறுநாள் தொட்டித் தண்ணீரில் இரவு முழுக்க அமுக்கி வைத்துச் சோதித்துவிட்டு அப்புறம் காகிதம் வையுங்கள்.

எதை உள்ளே வைப்பது? பட்டா, சிட்டா எல்லாம் இணையத்தில் திரும்ப எடுத்துவிடலாம். திரும்ப வாங்க நாய்படாத பாடு படவேண்டியவைதான் முதலில்: மூலப்பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், நகைக்கடன் ரசீது, பயிர்க் காப்பீடு கட்டிய ரசீது. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் ஆகியவற்றின் ஜெராக்ஸ் இரண்டு செட், ஏனென்றால் நிவாரணம் எழுத வருகிறவர் முதலில் கேட்பதே ஜெராக்ஸ்தான், அன்றைக்கு ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இருக்காது.

அதே பைப்பில் 2,000 ரூபாய், எல்லாம் 10, 20, 50 ரூபாய் நோட்டாக. டவர் விழுந்தால் ஜிபே இல்லை, ஏடிஎம் இல்லை. 500 ரூபாய் நோட்டை நீட்டினால் பால்காரர் சில்லறைக்கு எங்கே போவார்?

புயல் அறிவிப்பு வந்ததும் வீட்டின் நாலு பக்கம், கூரை, மாட்டுக் கொட்டகை, நிற்கிற பயிர், மாடு ஆடு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வெளியூர்ச் சொந்தக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். 'முன்பு எப்படி இருந்தது' என்று காட்டப் பின்னால் அதுதான் ஒரே சாட்சி.

ஐந்தாம் படி: கூரை

கூரை போனால் எல்லாம் போச்சு. தார்ப்பாய் வாங்க வரிசையில் நிற்பதற்குப் பதிலாக, பழைய ஃபிளெக்ஸ் பேனர் இரண்டு மூன்று சேர்த்து வையுங்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு எதுவானாலும் சரி. மழைக்குக் கட்சி பேதம் கிடையாது. எங்கள் கொட்டகை மூன்று வாரம் ஒரு வேட்பாளரின் கும்பிட்ட கைக்குக் கீழேதான் இருந்தது.

பேனரின் ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டினால் முதல் காற்றிலேயே கிழிந்துவிடும். மூலையில் இருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, பேனருக்கு அடியில் ஒரு கொட்டைப்பாக்கை வையுங்கள். மேலிருந்து பேனரோடு சேர்த்து அதைக் கையில் பிடியுங்கள், குட்டித் தலை மாதிரி உருண்டு நிற்கும். அந்தத் தலையின் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுங்கள். எவ்வளவு இழுத்தாலும் பாக்கைத் தாண்டிக் கயிறு வராது, பேனரும் கிழியாது. மற்ற ஊரில் இதற்குக் கூழாங்கல் வைப்பார்கள். நம் வண்டல் மண்ணில் கூழாங்கல்லுக்கு எங்கே போவது, அதனால் வாளியில் கொட்டைப்பாக்கு பன்னிரண்டு.

இதோடு கோணி ஊசி ஒன்று, நைலான் நூல் ஒரு உருண்டை, கட்டுக்கம்பி அரைக் கிலோ, கட்டிங் பிளேயர், கைரம்பம். கைரம்பத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மறுநாள் தெரு முழுக்க மரம் கிடக்கும். மரம் அறுக்கும் மெஷின் வருவதற்குள் ஆம்புலன்ஸ் வரவேண்டிய வீடு ஒன்று இருக்கும். காலி உரச்சாக்கு இருபது. மண் நிரப்பி ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைமேல் வைக்கலாம், வாசற்படியில் அடுக்கலாம், ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்தால் மழைக்கோட்டு.

ஒரு எச்சரிக்கை. புயலின் கண் நம் ஊரைக் கடந்தால் நடுவில் காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்தது என்று பேனரைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறிவிடாதீர்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். முதல் காற்றுக்குத் தாங்கி நின்ற மரம் இரண்டாம் காற்றில்தான் விழும்.

ஆறாம் படி: கால், பாம்பு, மருந்து

பிள்ளைகளின் பழைய ஸ்கூல் ஷூவைத் தூக்கிப் போடாதீர்கள், பெரியவர்களின் பழைய ஷூவையும்தான். தகரம், ஓடு, ஆணி, கண்ணாடி எல்லாம் சேற்றுக்குள் கிடக்கும், செருப்பு சேற்றிலேயே தங்கிவிடும். காலில் வெட்டுக்காயத்தோடு வெள்ளத்தில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரும் வழி அது. காய்ச்சல் கண்டால் 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். கொத்தனார்கள் போடும் கையுறை ஒரு ஜோடி.

வளைக்குள் தண்ணீர் போனதும் பாம்பு மேட்டைத் தேடும், மேடு நம் வீடுதான். இதில் கட்டுவிரியன் ஆள் கொல்லி. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல சமயம் வலியே இருக்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியாமை என்று தொடங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டும். அதற்குத்தான் வாளியில் கொசுவலை. ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும், கொசுவுக்காக அல்ல. கடித்துவிட்டால் கயிறு போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரத்தை முதலில் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற வராது. கடித்த காலை அசையாமல் ஒரு கட்டையோடு துணி சுற்றிக் கட்டி, மார்க்கர் பேனாவால் கடித்த நேரத்தை உடம்பிலேயே எழுதி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குத் தூக்குங்கள். பாம்பைத் துரத்திக்கொண்டு ஒருவர் போக வேண்டாம்.

சுகர், பிரஷர் மாத்திரை பதினைந்து நாளைக்கு. இன்சுலின் போடுகிறவர் வீட்டில் பெரிய மண்பானைக்குள் ஈர மணல், மணலுக்கு நடுவில் சின்னப் பானை, அதற்குள் டப்பா, மேலே ஈரத்துணி. மழை பெய்துகொண்டிருக்கும்வரை இது பெரிதாகக் குளிராது, அப்போது தேவையும் இல்லை. நாலாம் நாள் வெயில் அடிக்கும் பாருங்கள், நிழலுக்கு ஒரு மரம் இல்லாமல், ஃபேன் இல்லாமல், அப்போது பானை வேலை செய்யும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் பத்து. தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

ஏழாம் படி: வயிறு

அரிசி இருக்கும், சமைக்க முடியாது. அதனால் அவல். பத்து நிமிஷம் ஊறினால் சாப்பாடு, வெல்லம் போட்டால் பிள்ளைகளுக்கு, ஊறுகாய் தொட்டால் பெரியவர்களுக்கு. பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், சத்துமாவு. கரையோரத்து வீடுகளுக்குக் கருவாடு வைக்கச் சொல்லி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எட்டாம் படி: சத்தமும் சேதியும்

பஸ் கண்டக்டர் விசில் இரண்டு. இடிந்த சுவருக்கு அடியில் இருந்தோ, வெள்ளத்துக்கு நடுவில் இருந்தோ கத்திக் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் தொண்டை போய்விடும், விசிலுக்குப் போகாது. உள்ளே உருண்டை இல்லாத விசிலாகப் பாருங்கள், உருண்டை நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். மூன்று முறை ஊது, நிறுத்து, மூன்று முறை ஊது. ஆபத்து என்பதற்குப் பல நாடுகளில் அதுதான் பாஷை. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைத்துவிட்டு, மற்ற நாளில் ஊதக் கூடாது என்றும் சொல்லுங்கள், கேட்க மாட்டார்கள்.

செல் போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று. காரைக்கால் பண்பலை 100.3 டெல்டாவில் பல ஊர்களுக்கு எட்டும். செய்தியில் 'நாகை துறைமுகத்தில் கூண்டு ஏற்றம்' என்று சொன்னால் நம்பரைக் கவனியுங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 8, 9, 10 மூன்றும் பெரிய அபாயம், அதில் 10 என்றால் புயல் அந்தத் துறைமுகத்தின் வழியாகவோ அதற்கு மிக அருகிலோ கடக்கும். அதற்கு மேலே 11 இருக்கிறது, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

ஆற்று வெள்ளம் வேறு கணக்கு. மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி திறந்தால் கொள்ளிடக் கரைக்கு அது வந்துசேரும் முன் ஒலிபெருக்கி அறிவிப்பு வந்துவிடும். கொள்ளிடக் கரை ஊர்க்காரர்கள் லாரி டியூப் ஒன்றைக் காற்றடித்து வைத்திருங்கள். இல்லாவிட்டால் மூடி இறுக்கிய காலி வாட்டர் கேன் இரண்டைச் சேர்த்துக் கட்டினால் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு மிதக்கும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் கட்டை அவிழ்த்து விடுங்கள், முடிச்சு நனைந்து இறுகியிருந்தால் அறுத்துவிட ஒரு கத்தி கொட்டகையிலேயே சொருகி இருக்கட்டும். கட்டுத்தறியில் நின்றபடியே செத்த மாடுகளைக் கஜாவில் பார்த்தோம்.

ஒன்பதாம் படி: இரண்டாம் வாளி

கழிவறைத் தொட்டி வெள்ளத்தில் நிரம்பினால் உள்ளே போனது வெளியே வரும். வயல்வெளி முழுக்கத் தண்ணீர். ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். எங்கள் அத்தை இருட்டுகிறவரை தண்ணீர் குடிக்காமலேயே இருந்து, நாலாம் நாள் நீர்க்கடுப்பில் துடித்தார். அதற்குப் பிறகுதான் இந்த வாளி வந்தது.

வாளிக்குள் தடிமனான பிளாஸ்டிக் பை, அடியில் ஒரு சாண் உமி. ரைஸ்மில்லில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒவ்வொரு முறை போனபிறகும் மேலே இரண்டு கை உமியோ அடுப்புச் சாம்பலோ போட்டு மூடியை அழுத்திவிட்டால் நாற்றம் வராது, ஈ வராது. தண்ணீர் வடிந்ததும் கிணற்றையும் வாய்க்காலையும் விட்டுத் தள்ளி ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். மறைப்புக்கு ஒரு பழைய பெட்ஷீட்டும் துணி கொடியும். வாளி காலியாக இருக்கும் நாளில் அதற்குள் நாப்கின் பாக்கெட், கைக்குழந்தை இருந்தால் டயப்பர், சோப்பு, டெட்டால் எல்லாம் போட்டு வையுங்கள். நாப்கின் பெரிய காயத்தில் ரத்தம் நிறுத்த அமுக்கிப் பிடிக்கவும் ஆகும்.

பத்தாம் படி: ஒத்திகை

புரட்டாசி கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் வாளியைக் கவிழ்க்கும் நாள். செல்லைச் சோதிப்பது, மாத்திரை தேதி பார்ப்பது, அவலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதிதாகப் போடுவது. கற்பூரம் கரைந்து பாதியாகியிருக்கும், அதையும் நிரப்ப வேண்டும். தை பிறந்ததும் அகலும் எண்ணெயும் வெளியே வந்துவிடும், மற்றது பரணில். பரணில் என்றால் கையை நீட்டினால் எட்டுகிற ஓரத்தில், வைக்கோல் பிரிக்குப் பின்னால் அல்ல.

அன்று சாயந்தரம் ஆறு மணிக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம். மறுநாள் காலை ஆறு மணிவரை வாளியில் இருப்பதை வைத்து மட்டும் ஓட்ட வேண்டும், போனைத் தொடக் கூடாது. முதல் வருஷம் அரை மணி நேரத்தில் தோற்றுப்போனோம். கற்பூரம் இருந்தது, அகல் இருந்தது, கொட்டாங்கச்சி இருந்தது, தீப்பெட்டி இல்லை. அப்பாயிதான் திண்ணையில் உட்கார்ந்தபடி முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெற்றிலைப் பாக்கோடு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது. இப்போது வாளியில் தீப்பெட்டி ஆறு இருக்கிறது, இரண்டு லைட்டரும்.